அறிவிக்க ஏதும் உண்டா

கதவைத் தட்டு. பதில் வராது, ஆனாலும் தட்டு.
பெயரைச் சொல். என்ன செய்யப் போகிறாய் என்று சொல்.
பிறகுதான் போர்வையில் கை வை.
நூற்றிருபது மணி நேரப் பாடநெறியில்
முதல் நாள் எழுதிக்கொண்டது இவ்வளவுதான்.
பதினாறு வருடம் கோப்பை கழுவிய கைக்கு இது புதிது.
கோப்பைகளிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

குரொய்ஸ்லிங்கன். ஏரிக்கரை இல்லம், மூன்றாம் மாடி.
இரவு இரண்டு மணி.
பதினேழாம் அறையில் ஏர்ன்ஸ்ட் ரூட்டிஸ்ஹவுசர்,
முப்பத்தெட்டு வருடம் எல்லையில் சுங்க அதிகாரி,
விழித்தே கிடக்கிறார்.
'பத்திரம்' என்கிறார்.

மறுத்துப் பேசாதே, அவர் இருக்கும் இடத்துக்கு நீ போ
என்கிறது என் குறிப்பேடு.
போகிறேன். நெஞ்சில் குத்திய பெயர்த்தகட்டைக் கழற்றி
விளக்கின் கீழ் நீட்டுகிறேன்.
தகட்டில் 'நகுல்' மட்டும்தான்,
மிச்சத்துக்கு இடம் போதவில்லையாம்.
'முழுப் பெயர்?'
நகுலேஸ்வரன் கதிரித்தம்பி.
எழுத்தெழுத்தாகச் சொல்ல வைக்கிறார்.
இல்லாத பேனாவால் இல்லாத தாளில் பதிகிறார்.
இந்தக் கட்டடத்தில் என் பெயரை
முழுதாய்க் கேட்டவர் இவர் ஒருவர்தான்,
அதுவும் ஒவ்வோர் இரவும், புதிதாக.

'அறிவிக்க ஏதும் உண்டா?'
உண்டு ஐயா. துவாய் இரண்டு.
இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு பேசின், முழங்கையால் பார்த்தது.
துத்தநாகக் களிம்பு, பாதி ட்யூப்.
தலையணை மூன்று.
பெரிய அளவு டயப்பர் ஒன்று;
அதை மட்டும் மெதுவாய்ச் சொல்கிறேன்
அறையில் வேறு ஆளில்லை என்றாலும்.
'சொந்தப் பாவனைக்கா?'
உங்கள் பாவனைக்கு.
யோசிக்கிறார்.
'வரி இல்லை. போகலாம்.'

போகவில்லை, வேலை இனித்தான்.
முகத்துக்குச் சோப்பு வேண்டாம்.
கண்ணை உள்மூலையிலிருந்து வெளியே துடை,
ஒரு துடைப்புக்குத் துணியின் ஒரு பக்கம்.
சரித்துப் படுக்கவைத்து முதுகுக்கு ஒரு தலையணை,
முழங்கால்களுக்கு நடுவே ஒன்று,
குதிக்கால் மெத்தையில் படாமல் இன்னொன்று.
வாலெலும்பின் மேல் சிவப்பு.
விரலால் அழுத்தி எடு. வெளுத்தால் நல்லது,
வெளுக்காவிட்டால் திராகிட்சாவைக் கூப்பிடு.
வெளுத்தது.

சட்டை கழற்றும்போது நல்ல கை முதலில்.
போடும்போது வாதம் வந்த கை முதலில்.
பலவீனமானது முன்னே நுழையட்டும்,
பலமானது எப்படியும் வழி கண்டுபிடிக்கும்.
ஆசிரியை இதைச் சொன்னபோது
எரித்திரியப் பெண்ணொருத்தி சிரித்துவிட்டாள்.
நானும் சிரித்தேன்.
ஆசிரியைக்கு விளங்கவில்லை.

நான் வந்தது இந்த எல்லையால் அல்ல.
தெற்கே, வேறு மலை, வேறு ஆட்கள்,
லொறியில் உருளைக்கிழங்குச் சாக்குகளுக்குக் கீழே.
இவர் அங்கே நின்றிருப்பாரோ என்று
ஒருமுறை மகளிடம் கேட்டுப் பார்த்தேன்.
'அப்பா எப்போதும் இங்கேதான்' என்றாள்.
'கடும் ஆள். பிடித்தால் விடமாட்டார்.'

பெப்ரவரி கடைசியில், ஏரியே தெரியாத மூடுபனியில்,
அவர் பத்திரம் கேட்கவில்லை.
நிமிர்த்தி உட்காரவைத்து
கெட்டிமா கரைத்த தேநீரைக் கரண்டியில் கொடுத்தேன்,
நாடியைத் தாழ்த்தி,
தொண்டை ஏறி இறங்கும்வரை காத்து.
ஆறாவது கரண்டியில் என் மணிக்கட்டைப் பிடித்தார்.
நல்ல கை. அதில் இன்னும் பலமிருந்தது.
குனியச் சொன்னார்.

'விளக்கை அணை.
மற்றவன் சிகரெட் முடித்து வரமுன் போ.
வலப்பக்கம், வேலியோரமாய்.
குழந்தையின் வாயைப் பொத்திக்கொள்.'

எந்தக் குழந்தை.
யாரிடம் சொன்னார், எந்த வருடம்,
சொன்னாரா, சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறாரா.
கேட்பது என் வேலையில் இல்லை.
விளக்கை அணைத்தேன்.
வலப்பக்கமாய், சுவரோரம் நடந்து வெளியே வந்தேன்,
ஏனோ காலடிச் சத்தம் கேட்காதபடி.

குடித்தவரை உடனே படுக்கவைக்கக் கூடாது.
அரை மணி கழித்துத் தட்டி, பெயர் சொல்லி,
தூங்கிப்போயிருந்தவரைச் சரித்துவிட்டு
அறிக்கையில் எழுதினேன்:

02:40. இடப்பக்கம் திருப்பப்பட்டது.
தோல் சிவப்பு, அழுத்தினால் வெளுக்கிறது.
தேநீர் அறுபது மில்லிலிட்டர்.
அமைதி.
04:40க்கு வலப்பக்கம்.